கட்டி இழுத்துப் போன டிராக்டர்

எங்கள் டிராக்டரை சர்வீஸுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அந்த வாரம் தெருவில் யோசனை சொல்லாத ஆள் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாதவர்கூட வாசலில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார். இலவசமாகக் கிடைப்பது யோசனை ஒன்றுதான் என்பதால் நானும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

வண்டிக்கு வந்த கோளாறு கிளட்ச். பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான், என்ஜின் உறுமும், சக்கரம் அசையாது. உழுதுகொண்டிருந்த வயலிலேயே நின்றுபோனதை என் கணவரின் சிநேகிதர் தன் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டிருந்தார். கிளட்சைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நடுவில் கழற்றி இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்குத் தூக்கிப் பிடிக்கிற சங்கிலியும் கூரையும் வேண்டும். ஆகவே மெக்கானிக் வரமாட்டார், வண்டிதான் அவரிடம் போக வேண்டும். பட்டறையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுன் முனையில் இருந்தது.

போவதற்கு வழி மூன்று. முதலாவது, வண்டி ஏற்றுவதற்கென்றே இருக்கிற தாழ்வான லாரி. போனில் வாடகை கேட்டேன், யானை விலை சொன்னார்கள். இரண்டாவது, சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி எதையாவது மடக்கி, டீசல் செலவுக்குப் பேசி ஏற்றிவிடுவது. மூன்றாவது, சிநேகிதரின் டிராக்டருக்குப் பின்னால் இரும்புக் கம்பி போட்டு இழுத்துப் போவது. இதுதான் எல்லாவற்றிலும் மலிவு. டீசலும் ஒரு வேளைச் சாப்பாடும் தவிர செலவே கிடையாது.

ஆனால் இழுபடுகிற வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டீரிங் பிடிக்க வேண்டும். முன்னால் போகிறவர் கை காட்டினால் பிரேக் மிதிக்க வேண்டும். உட்காரப்போவது யார் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து டிராக்டர் ஓட்டுகிற மனிதர் வீட்டில் இருக்கும்போது அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. கேட்க வேண்டியவள் நான் ஒருத்திதான். என் வாயைத்தான் அவர் கட்டிப் போட்டிருந்தாரே.

போன அறுவடை முடிந்த சமயம் அது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவரின் பார்வை. வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் அங்கே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "ஏன் இப்படி முழிக்கிற?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாய் சாப்பிட்டார். இரண்டாவது முறை வந்தபோது இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதுவும் ஒரு வகை வலிப்புதான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வண்டி ஓட்டவே கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார்.

வெளியே வந்ததும் இவர் சொன்னது ஒன்றுதான்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். நாலு பேருக்குத் தெரிஞ்சா யாரு நம்மள உழக் கூப்பிடுவா? வண்டி சும்மா நின்னா நாம என்னத்த சாப்பிடறது?"

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. வண்டியை மட்டும் விடவில்லை. அவர் பக்கத்து வயல்களில் உழும்போது வண்டிச் சத்தம் காதில் விழுகிற வரைக்கும் எனக்கு வேலை ஓடும். சத்தம் நின்றால் கையில் இருப்பது கையிலேயே நிற்கும். இப்படியே ஒரு பருவம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அதனால்தான் வண்டி கெட்டுப்போய் வாசலில் நின்றபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுப்பு எரிவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டதற்கு நிம்மதிப்படுகிற பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் மழை பெய்துவிட்டது. மண் பதமாக இருந்தது. வண்டியைச் சீக்கிரம் சரிசெய்து இறக்கினால்தான் இந்தப் பருவத்து உழவு கைக்கு வரும், தவறினால் வருஷம் முழுக்கக் கையைப் பிசைய வேண்டியதுதான். அதற்காகத்தான் தெருவே யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. "கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்" என்று இவர் சொல்ல, நான் லாரிதான் வேண்டும் என்று நின்றேன். லாரியில் ஏற்றினால் வண்டி மேல் யாரும் உட்கார வேண்டாம். அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாமல் வேறு என்னென்னவோ சொன்னேன். சாலை சரியில்லை என்றேன், பாலத்தில் நெரிசல் என்றேன்.

பக்கத்து வீட்டில்தான் என் நாத்தனார் இருந்தார், இவருக்கு அக்கா. தம்பி காசு என்றால் தன் காசைவிட ஒரு படி மேலாக நினைப்பார்.

"லாரிதான் கேக்குதாமா மகாராணிக்கு?" என்றார், வாசலில் துணி காயப்போட்டபடியே. "அதுக்கு ஆகுற காசுல வண்டிக்கு ரெண்டு டயர் மாத்தலாம். என் தம்பி வேர்வை சிந்தி சம்பாதிக்கிறான், நீ லாரிக்காரனுக்கு அள்ளி விடு."

"நான் ஒண்ணும் வாடகை லாரி சொல்லல அண்ணி. காலியா திரும்புற லாரி ஏதாவது சிக்கும்."

"ஆமா, உனக்காக ரோட்டுல வரிசையா நிக்குது."

சொன்ன வீம்புக்காகவே நான் கடைத்தெருவில் காத்துக் கிடந்தேன். சிமெண்ட் இறக்க வந்த லாரி ஒன்று சிக்கியது. திரும்பும்போது காலி. டீசலுக்குக் கொடுத்தால் போதும் என்றார் டிரைவர், நல்ல மனிதர். கால்வாய்க் கரை மேட்டில் லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் கரையும் லாரித் தளமும் ஒரே மட்டமாக இருக்கும், பலகைகூட வேண்டாம் என்று அவரே வழியும் சொன்னார். நான் அந்த லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து தெருவுக்குள் வந்தபோது நாத்தனாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பரம திருப்தி.

சிநேகிதர் எங்கள் வண்டியைக் கரை வரைக்கும் இழுத்துவந்து விட்டார். அவருக்குத் தெருவில் 'நிதானம்' என்று பெயர். அவர் வண்டியை மாடு முந்திப் போகும், அவர் கவலைப்படமாட்டார். லாரி டிரைவர் இறங்கி வந்து எங்கள் டிராக்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"கிளட்ச் போச்சா? அப்ப தானா ஏறாதே" என்றார். "பின்னாடி இருந்து இன்னொரு வண்டி தள்ளணும். மேல ஏறின அந்த நொடியே பிரேக் புடிக்கணும். கொஞ்சம் பிசகினாலும் என் கேபினத்தான் வந்து முட்டும், இல்ல பக்கவாட்டுல கவுந்துரும். கை தேர்ந்த ஆளா இருக்கணும். இருக்காரா?"

"நான் இருக்கேன்ல" என்றார் இவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

ஒரு நொடி என்று டிரைவர் சொன்ன அந்த நொடியில் இவர் சுவரைப் பார்க்கிற பார்வை பார்த்தால் என்ன ஆகும்.

"வேண்டாம்" என்றேன். "லாரி வேண்டாம். நீங்க போயிட்டு வாங்கண்ணே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லாரியைக் கொண்டுவந்தவளும் நான், அனுப்புகிறவளும் நான். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். டிரைவர் ஏறிப் போனார். இவருக்கு மட்டும் காரணம் தெரியும். என்னைப் பார்க்காமல் வண்டியின் பக்கம் திரும்பி நின்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் சண்டை. கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் போடுகிற சண்டை. தொண்டை வலிப்பது அதில்தான்.

"டாக்டர் ஓட்டக்கூடாதுன்னுதான் சொன்னார்" என்றார் இவர். "இது ஓடுற வண்டியா? இழுபடுற வண்டி. நிதானம் பின்னாடி போறதுக்கு பேரு ஓட்டுறதா? நடந்து போறவன் கூட நமக்கு முன்னாடி போவான்."

"நான் உக்காருறேன்."

"நீயா?"

"தெருவுக்குள்ள திருப்பி நிறுத்தியிருக்கேன். தண்ணி டேங்க வயல் வரைக்கும் கொண்டு வந்திருக்கேன்."

"ரோட்டுல போயிருக்கியா? லாரி எதிர்ல வந்தா கண்ண மூடிக்குவ." மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தார். பிறகு சொன்னார், "நான் நல்லா இருக்கும்போதே எம் பொண்டாட்டி வண்டில உக்காந்து வந்தா, என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லச் சொல்ற?"

"இருக்கிறத சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இத்தனை காலத்தில் அதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

காலையில் நிதானம் கம்பியோடு வந்தார். தடித்த இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் துளை, துளைக்குள் இறங்குகிற ஊசி. கயிறு கட்டினால் சரிவில் பின்வண்டி முன்வண்டி மேல் ஏறிவிடும், கம்பி என்றால் ஏறாது. இவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் போட்ட துணிப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், அவருக்கு வலப்பக்கத்து மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்தேன். பிரேக் அந்தப் பக்கம்தான்.

"வண்டி ரிப்பேருக்குப் போகுதா, இவங்க விருந்துக்குப் போறாங்களா?" என்றார் நாத்தனார். தெரு சிரித்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பைய வீட்ல வச்சிட்டு இறங்கு" என்றார் என்னிடம், உதடு அசையாமல்.

"மாட்டேன்."

நிதானம் வண்டியைக் கிளப்பினார். என் மேல் இருந்த எரிச்சலில் இவர் வழக்கமாகக் குனிந்து பார்க்கிற எதையும் பார்க்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் பாதி வழி கடந்துவிட்டோம். சாலையில் எல்லோரும் ஹார்ன் அடித்தபடி எங்களை முந்திப் போனார்கள். நான் சாலையைப் பார்க்கவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஸ்டீரிங்கை நன்றாகத்தான் பிடித்திருந்தது. நிதானம் கை தூக்கினால் இவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. ஒரு சின்னத் திருப்பத்தில் வண்டியை அழகாக ஒடித்தபோது என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான்தான் வீணாகப் பயந்து ஊரைக் கூட்டுகிறேனோ என்றுகூடத் தோன்றியது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவரைப் பார்க்க ஆசையாக இருந்தது.

பாலத்துக்கு இறங்குகிற சரிவில் நிதானம் கை தூக்கினார்.

இவர் கால் அசையவில்லை. பார்த்தேன். கட்டைவிரல் தேய்க்க ஆரம்பித்திருந்தது. கண் சாலை மேல் இருந்தது, ஆனால் சாலையைப் பார்க்கவில்லை.

கம்பி முன்வண்டியை முட்டித் தள்ளியது. நிதானம் திரும்பிக் கத்தினார். நான் பையைப் போட்டுவிட்டு மட்கார்டிலிருந்து சரிந்து இறங்கி, கைக்குக் கிடைத்த ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கிடைத்த பிரேக் பெடல் மேல் முழு பாரத்தையும் வைத்து மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. வலப்பக்கமாக வெட்டித் திரும்பியது. எதிரே ஒரு வேன்.

டிராக்டருக்குப் பிரேக் பெடல் இரண்டு, பின்சக்கரத்துக்கு ஒன்றாக. வயலில் உழும்போது சட்டென்று திரும்புவதற்காக ஒற்றைப் பெடலை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் ஒரு கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும், அப்போதுதான் இரண்டு சக்கரமும் ஒன்றாக நிற்கும். அந்தக் கொக்கி போடப்படவில்லை. இவர் அகலப் பாதம் அதுவரை இரண்டு பெடலையும் சேர்த்தே மிதித்திருக்கிறது, நான் மிதித்தது ஒற்றைச் சக்கரத்தை.

மற்ற காலையும் தூக்கி அடுத்த பெடலில் வைத்தது எப்படி என்று எனக்குத் தெரியாது. இரண்டு காலாலும் நின்றேன். வேன் எங்களை உரசாத குறையாகப் போனது, அதன் டிரைவர் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனார். வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. கம்பி வளைந்திருந்தது.

நிதானம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. இவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். நிதானம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இவர் திரும்பி வந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

வளைந்த கம்பியைப் பார்த்தார். தரையில் சிதறிக் கிடந்த சாப்பாட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"எத்தனை நாளாடா?" என்றார் நிதானம்.

"ஒரு வருஷம் ஆகப்போகுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ என்ன சீட்டுல உக்கார விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பெடலைப் பார்த்து, "கொக்கி போடலையா?" என்று கேட்டார். இவர் குனிந்து பார்த்தார். வயலை விட்டு ஏறும்போது கொக்கி போடாமல் ஏற மாட்டார், கை தானாகச் செய்துவிடும். வண்டி நின்றுபோன அன்றைக்கு வயலிலிருந்து வந்தபோது அவர் கை அதைச் செய்யவில்லை என்றால், அன்றைக்கு வயலில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. கிளட்ச் பழசாகிப் போச்சு என்று அவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. கேட்க அதுவா நேரம்.

பட்டறை பாலத்துக்கு அந்தப் பக்கம், நடக்கிற தூரம்தான். நிதானம் வளைந்த கம்பியாலேயே வண்டியை ஓரமாக இழுத்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு இவர் எழுந்தார். குனிந்து, இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கியை மாட்டினார். மாட்டியதை இழுத்துப் பார்த்தார்.

"ரோட்டுக்கு ஏறினா இத மறக்கக்கூடாது" என்றார். பிறகு, "ஏறு."

ஏறினேன். அந்த சீட் அவர் காலுக்கு வைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் எனக்குப் பெடல் எட்டாது, நுனியில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் நடந்து வந்தார், மட்கார்டு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குள் தள்ளிப்போகிற நோயாளியோடு கூடவே நடக்கிற உறவுக்காரரைப் போல. பாலத்தில் பஸ் எல்லாம் நின்று பார்த்தது. நிதானம் தன் பெயருக்கு ஏற்றபடி போனார், இவர் நடைக்குச் சரியாக. பாலம் முடிகிற வரைக்கும் நான் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் ஸ்டீரிங் போய்விடும் என்பதால் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் இவரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் கண் சிவந்து வந்து நின்றார். "உன்ன என்னென்னமோ பேசிட்டேன்" என்றார்.

"பேசினது பேசினதுதான் அண்ணி" என்றேன். எனக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்.

வண்டி தயாரானதும் நானும் இவரும் பஸ்ஸில் போனோம். பட்டறையில் வேறு ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் இவரை உழவுக்குக் கூப்பிடுகிறவர்கள். மெக்கானிக் பழைய கிளட்ச் பிளேட்டைக் கொண்டுவந்து காட்டினார். கரிக்கட்டையாக இருந்தது.

"பழசாகிப் போனது இல்ல இது" என்றார். "பாதி மிதிச்ச மேனிக்கே, என்ஜின் ஓட ஓட, கால எடுக்காம வச்சிருந்தா தான் இப்படி எரியும். டிரைவர் என்ன, பெடல் மேல கால வச்சிட்டு தூங்கிட்டாரா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தூங்கல" என்றார் இவர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "நினைவு தப்பிருச்சு. எனக்கு வலிப்பு இருக்கு. நான்தான் ஓட்டினேன்."

சிரிப்பு நின்றது. மெக்கானிக் பிளேட்டைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே யாரு ஓட்டப்போறது?" என்று கேட்டார்.

"இவ."

உழவுக்குக் கூப்பிடுகிற அந்த இரண்டு பேரும் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று அந்த முகங்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் தெரியவில்லை.

"ஏறி ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க" என்றார் மெக்கானிக்.

ஏறினேன். நுனியில் தொற்றிக்கொண்டு கிளட்சை மிதித்தேன். அடி வரைக்கும் போகவில்லை.

"இப்படி உக்காந்தா ஓட்ட முடியாதும்மா. சீட்ட முன்னாடி தள்ளணும்" என்று அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"குடுங்க, நான் பண்றேன்" என்று இவர் கை நீட்டினார். "அது தள்ளினதே இல்ல. துரு பிடிச்சிருக்கும். அந்த போல்ட்டு எனக்குத்தான் பழக்கம்."

இறங்கப் போனேன். உட்காரச் சொன்னார். என் காலுக்குக் கீழே மண்டிபோட்டு உட்கார்ந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசிப் போல்ட்டு பிடிவாதம் பிடித்தது, எண்ணெய் விட்டுத் தட்டினார். சீட் கிறீச்சென்று முன்னால் நகர்ந்தது.

"எட்டுதா?" என்றார், நிமிராமல்.

மிதித்துப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு முறுக்க ஆரம்பித்தார், இனி நகரவே கூடாது என்கிற மாதிரி.